அணைந்த விளக்கும் ஒரு சிறுமியின் அபிப்பிராயமும்

கல்கியைப் பற்றிப் பேச வேண்டியதெல்லாம் பேசித் தீர்ந்துவிட்டது என்ற நினைப்பு நம் வட்டத்தில் பல காலமாக இருக்கிறது. க.நா.சு. அவரை இலக்கியக் கணக்கில் சேர்க்கவில்லை. அவரைத் தொடர்ந்து வந்த சிறுபத்திரிகைகளும் ‘ஜனரஞ்சகம்’ என்று ஒரு சீட்டு ஒட்டி ஒதுக்கிவிட்டன. பின்னால் ஜெயமோகன் வரலாற்று மிகுகற்பனை நாவல்களுக்கென்று தனிப் பட்டியல் போட்டு அதில் ‘பொன்னியின் செல்வ’னுக்கு இடம் கொடுத்தார். அதையும் நாம் பட்டியல் சண்டையாகவே எடுத்துக்கொண்டோம். நமக்கு வெளியே இருக்கும் பெரிய கூட்டமோ அந்த ஐந்து பாகங்களையும் சோழர் சரித்திரமாகவே பூஜித்து வருகிறது. ஒதுக்குகிறவர்களுக்கும் பூஜிக்கிறவர்களுக்கும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை உண்டு. புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியம் இரு தரப்பாருக்கும் இல்லை.

திறந்து பார்த்த ஒரு வாசகியைப் பற்றி எழுத விரும்புகிறேன். அவளுக்கு 13 வயது. என் அக்கா மகள். திருக்கோவிலூரில் எட்டாம் வகுப்பு முடித்துவிட்டு, கோடை விடுமுறையில் ஐந்து பாகங்களையும் ஒரே மூச்சாகப் படித்தாள். அதற்கு முன்பே மணிரத்னத்தின் இரண்டு படங்களையும் (2022, 2023) பார்த்திருந்தாள். படித்து முடித்ததும் எப்படி இருந்தது என்று எழுதிக் கொடு என்றேன். கோடு போட்ட நோட்டில் நாலு பக்கம் எழுதிக் கொடுத்தாள். குழந்தை வாயில் ஞானம் பிறக்கும் என்ற பழைய வித்தையைக் காட்ட எனக்கு உத்தேசமில்லை. அவள் சொல்வதில் பாதியை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ளாத பாதியும் எனக்கு உபயோகமாக இருந்தது என்பதால்தான் இந்தக் கட்டுரை.

அவள் எழுதியதன் முதல் வாக்கியம் இது: “இது மாயாஜாலக் கதை, ஆனால் இதில் மாயாஜாலம் இல்லை.”

1

இந்த வாக்கியத்தை விளக்கத் தொடங்கினால் நாவலின் அமைப்பு முழுவதும் வெளியே வருகிறது. நந்தினி வந்தியத்தேவனுக்குப் பனை இலச்சினை பொறித்த மோதிரத்தைக் கொடுக்கிறாள். அதைக் காட்டினால் கோட்டைக் கதவு திறக்கிறது, காவலன் விலகுகிறான். விக்கிரமாதித்தன் கதையில் வரும் மந்திர மோதிரம் செய்கிற வேலையை இந்த மோதிரம் செய்கிறது. பழுவூர் மாளிகைக்குக் கீழே நிலவறை, கடம்பூர் மாளிகையில் சுரங்க வழி, கோயில் மண்டபத்துக்குள் ரகசிய வாசல். வானத்தில் வால்நட்சத்திரம். கோடிக்கரைச் சதுப்பில் கொள்ளிவாய்ப் பேய். செத்துப்போனதாக நம்பப்பட்ட காதலி அரசனின் படுக்கையறையில் ஆவியாக வந்து நிற்கிறாள்.

ஒவ்வொன்றுக்கும் கல்கி ஒரு காரணம் வைத்திருக்கிறார். கொள்ளிவாய்ப் பேய் சதுப்பு நிலத்தின் வாயு. ஆவி உயிரோடிருக்கும் ஊமைப் பெண். மாயம் வருகிறது, நம்மைப் பயமுறுத்துகிறது, பிறகு பகுத்தறிவுக்குக் கப்பம் கட்டிவிட்டுப் போய்விடுகிறது. தேசிய இயக்கத்தில் வளர்ந்த, சீர்திருத்த எண்ணம் கொண்ட பத்திரிகையாசிரியர் ஒருவர் 1950இல் வேறு எப்படி எழுத முடியும் என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அவள் குறிப்பிடுவது இன்னும் நுட்பமான ஒன்று. பேயை விளக்கிவிட்ட பிறகும் கதை பேய்க்கதையின் வழியிலேயே நடக்கிறது என்கிறாள். மோதிரம் மந்திர மோதிரம் இல்லை என்று தெரிந்த பின்னும் அது மந்திர மோதிரம் மாதிரியே கதவைத் திறக்கிறது.

சரித்திர நாவல் என்று நாம் ஒப்புக்கொண்டதே பிசகு என்று இங்கே தோன்றுகிறது. பத்தாம் நூற்றாண்டில் சோழ நாட்டில் யார் நிலத்தை உழுதார்கள், எந்தச் சபை வரி விதித்தது, தளிக்கு விட்ட நிலத்தில் யாருக்கு எத்தனை கலம் நெல் என்பதெல்லாம் கல்வெட்டுகளில் கொட்டிக் கிடக்கின்றன. அவை எதுவும் நாவலை இயக்குவதில்லை. ஓலை, மோதிரம், மாறுவேடம், சுரங்கம் ஆகியவைதான் இயக்குகின்றன. தொடக்கத்திலேயே கல்கி வாசகனை 982 வருஷம் பின்னால் அழைத்துப் போகிறார். அவர் சேர்க்கும் இடம் சோழ நாட்டின் பெயர் தாங்கிய ஒரு கனவு தேசம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. மாயச் சாகசக் கதை என்பது மட்டமான ஜாதி இல்லை. அதற்கென்று கறாரான சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டப்படி இந்த நாவலை விசாரிக்க வேண்டும். ஜனரஞ்சகம் என்ற சீட்டு அந்த விசாரணையைச் செய்யவிடாமல் இத்தனை நாள் நம்மைத் தடுத்து வந்திருக்கிறது.

2

முதல் பாகத்துக்குப் ‘புது வெள்ளம்’ என்று பெயர். ஆடிப் பதினெட்டு அன்று வீரநாராயண ஏரியின் கரையில் கதை தொடங்குகிறது. வெள்ளம் அங்கே திருவிழா. ஐந்தாம் பாகத்தில் கொள்ளிடம் கரையை உடைத்துக்கொண்டு வருகிறது. பெரிய பழுவேட்டரையரின் படகு அதில் சிக்குகிறது. வானதி ஒரு குடிசைக் கூரையின் மேல் மிதந்து போகிறாள்.

என் வாசகி 2024 டிசம்பரில் பெண்ணையாற்று வெள்ளத்தைப் பார்த்தவள். ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணை நிரம்பி, ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்துவிட்ட நாட்கள் அவை. இக்கரையில் திருக்கோவிலூர், அக்கரையில் அரகண்டநல்லூர், நடுவில் செம்மண் நிறத்தில் ஒரு கடல். அவள் எழுதுகிறாள்: “புத்தகத்து வெள்ளத்தில் பாம்பு வரவில்லை. செத்த ஆடு வரவில்லை. வெள்ளம் வடிந்த பிறகு வீட்டில் சேறு அள்ளவில்லை. வெள்ளம் ஒவ்வொருவரையும் அவர்கள் போக வேண்டிய இடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டுப் போய்விடுகிறது.”

இதை யதார்த்தவாதக் கோரிக்கையாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. சேறு இல்லை என்பது அவள் புகார் இல்லை. அம்புலிமாமாவின் பழைய இதழ்களைப் படிக்கும்போது சேறு எங்கே என்று அவள் கேட்பதில்லை. கொள்ளிட வெள்ளம் கதாசிரியரின் வண்டிக்காரனாக வேலை பார்க்கிறது என்பதுதான் அவள் கண்டுபிடித்தது. பழுவேட்டரையரைச் சதிகாரர்களின் பேச்சு காதில் விழும் இடத்தில் கரையேற்ற வேண்டும், வெள்ளம் ஏற்றுகிறது. வானதியைப் பூங்குழலி வந்து காப்பாற்ற வேண்டும், கூரை அதுவரை மூழ்காமல் இருக்கிறது. இயற்கைக்கென்று ஒரு விருப்பமும் இல்லை.

மூன்று வருஷத்துக்கும் மேலாக வாராவாரம் எழுதப்பட்ட தொடர்கதை இது. ஒவ்வொரு வாரமும் ஒரு கதவு தட்டப்படும் சத்தத்தோடு முடிந்தாக வேண்டும். மணியத்தின் சித்திரத்தோடு ஏழு நாள் காத்திருந்து அடுத்த இதழை வாங்கியவர்களுக்கு அந்தச் சத்தம் வாழ்க்கையின் பகுதியாக இருந்திருக்கும். இவளுக்கு அந்த ஏழு நாள் கிடையாது. கதவு தட்டப்பட்ட அடுத்த நிமிஷமே பக்கத்தைத் திருப்பித் தட்டியது யார் என்று பார்த்துவிடுகிறாள். இருபது கதவுகள் தட்டப்பட்ட பிறகு, எந்தக் கதவு தட்டப்பட்டாலும் வந்தியத்தேவனுக்கு ஒன்றும் ஆகாது என்ற உறுதி வந்துவிடுகிறது. அந்த உறுதி வந்த இடத்தில் சாகசம் செத்துப்போகிறது. இத்தனைக்கும் அவளுக்கு வந்தியத்தேவனை ரொம்பப் பிடிக்கும். கையில் காசில்லாமல், வாய் நிறையப் பொய்யோடு, ஒரு குதிரையை மட்டும் வைத்துக்கொண்டு அரண்மனைகளுக்குள் நுழைகிறவனைப் பிடிக்காமல் போகுமா? தமிழ் நாவலில் அந்தச் சிரிப்பு அபூர்வம். அந்தச் சிரிப்புக்காகக் கல்கிக்கு நாம் நன்றி சொன்னதில்லை.

3

மாயக் கதையின் சட்டம் என்றேன். அது விலை பற்றியது. வேதாளம் கேட்கும் கேள்விக்குப் பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் விக்கிரமாதித்தனின் தலை வெடிக்கும். சொன்னால் மௌனம் கலைந்து வேதாளம் முருங்கைமரம் ஏறிவிடும். இரண்டு பக்கமும் நஷ்டம். ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் உயிரை ஒளித்து வைத்தவன் அந்தக் கிளியின் கழுத்து நெரியும்போது சாகிறான். கல்கி தம் தொடரை எழுதி முடித்த அதே 1954இல் இங்கிலாந்தில் டோல்கீன் தம் மோதிரக் கதையின் முதல் பாகத்தை வெளியிட்டார். அதில் மோதிரத்தைச் சுமந்தவன் ஒரு விரலை இழக்கிறான். உலகத்தைக் காப்பாற்றிவிட்டு ஊர் திரும்பியவனால் பிறகு அந்த ஊரில் வாழ முடிவதில்லை. மோதிரத்தைத் தொட்டதற்கு விலை அது. மாயக் கதையில் எதையும் இனாமாகத் தருவதில்லை. குழந்தைகள் இதை நம்மைவிட நன்றாக அறிவார்கள். யாராவது விலை கொடுக்காமல் நழுவினால் அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

பொன்னியின் செல்வனில் விலை கொடுக்கப்படவில்லை என்று சொல்ல முடியாது. கொடுக்கிறவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். மோதிரத்தை வைத்திருந்தவன் கொடுக்கவில்லை. ஊமைராணி மந்தாகினி சுந்தர சோழருக்குக் குறிவைத்த ஆயுதத்தைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டு சாகிறாள். மணிமேகலை வந்தியத்தேவனைக் காப்பாற்றக் கொலைப்பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறாள், சித்தம் கலங்குகிறாள், கடைசி அத்தியாயத்தில் அவன் மடியில் செத்துப்போகிறாள். கல்கி அந்த அத்தியாயத்துக்கு ‘மலர் உதிர்ந்தது’ என்று பெயர் வைத்தார். என் வாசகி அந்தத் தலைப்புக்குப் பக்கத்தில் எழுதியிருப்பது: “உதிரவில்லை. பறித்தார்கள்.”

இது கொஞ்சம் எழுத்தாளத்தனமான வரி என்று அவளிடமே சொன்னேன். ஆனால் விமர்சனம் சரி. சாகசத்தை அனுபவிக்கிறவர்கள் ஒருபுறம், அதன் செலவை ஏற்கிறவர்கள் மறுபுறம் என்று நாவல் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. செலவை ஏற்கிறவர்கள் பெரும்பாலும் பேசாதவர்கள், பேச முடியாதவர்கள், பேசினால் பைத்தியம் என்று சொல்லப்படுகிறவர்கள். ‘தியாகச் சிகரம்’ என்று கடைசிப் பாகத்துக்குப் பெயரிட்டபோது கல்கி அருள்மொழிவர்மன் மகுடத்தை விட்டுக்கொடுத்ததை நினைத்திருப்பார். அவனுக்கு அது பின்னால் கிடைக்கத்தான் போகிறது.

4

இனி விளக்கு. அவள் எழுதிய நாலு பக்கங்களில் ஒன்றே கால் பக்கம் இதைப் பற்றித்தான். நேரில் கேட்டதும் இதைத்தான்.

“விளக்கை யாரு மாமா அணைச்சது?”

கடம்பூர் மாளிகையில் ஆதித்த கரிகாலன் இறக்கும் இரவு. நந்தினி இருக்கிறாள். வந்தியத்தேவன் அந்த அறையிலேயே ஒளிந்திருக்கிறான். பெரிய பழுவேட்டரையர் வேறு உருவத்தில் வந்திருக்கிறார். சதிகாரர்கள் சுரங்க வழியில் காத்திருக்கிறார்கள். நாலு பாகங்களாக நாம் நடந்து வந்தது இந்த அறைக்குத்தான். விளக்கு அணைகிறது, இருள் சூழ்கிறது, கரிகாலன் செத்துக் கிடக்கிறான். ‘காரிருள் சூழ்ந்தது’ என்பதே அத்தியாயத்தின் பெயர். பிறகு மாளிகை தீப்பற்றி எரிகிறது.

திருக்கோவிலூரில் வளரும் பிள்ளைக்கு இன்னொரு இருட்டறை தெரியும். உலகளந்த பெருமாள் கோயிலுக்குப் போகிற எவரும் கேட்டிருக்கும் கதை. மழை இரவு. ஓர் இடைகழி. பொய்கையாழ்வார் படுத்திருக்கிறார். பூதத்தாழ்வார் வருகிறார், ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம் என்று இடம் கொடுக்கிறார். பேயாழ்வார் வருகிறார்; மூவர் நிற்கலாம். மூவரும் நிற்கிறபோது நாலாவதாக யாரோ நெருக்குகிறார்கள். யார் என்று தெரியவில்லை. ஒருவர் உலகையே அகலாக்கி விளக்கேற்றுகிறார், அடுத்தவர் அன்பை அகலாக்கி ஏற்றுகிறார், மூன்றாமவர் அந்த வெளிச்சத்தில் கண்டதைச் சொல்கிறார். தமிழில் எழுதப்பட்ட மிகச் சிறந்த மர்மக் காட்சி இது என்று எனக்குப் படுகிறது. இருட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டால் விளக்கேற்றியாக வேண்டும் என்ற கடமையை ஏற்றுக்கொண்ட கதை.

அவள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். நான் வைக்கவில்லை. “ஆழ்வார் கதையில் விளக்கு ஏற்றுகிறார்கள், இதில் அணைத்துவிடுகிறார்கள்” என்று ஒரே வரி. பக்தி, சைவ வைணவப் பேதம், ஆழ்வார்க்கடியான் எல்லாம் அவள் கவலை இல்லை. கதை சொல்கிறவனின் நாணயம்தான் அவள் கவலை.

கல்கியின் தரப்பில் சொல்ல ஒன்று உண்டு. சொல்லத்தான் வேண்டும். சரித்திரமே இங்கே தெளிவாக இல்லை. காட்டுமன்னார்கோயிலில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. நாவல் தொடங்கும் வீரநாராயண ஏரி அந்த ஊரை ஒட்டித்தான் இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் சொத்தையும் அவர்கள் உறவினர் சொத்தையும் பறிமுதல் செய்தது பற்றிய கல்வெட்டு அது. சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன் என்று பெயர்கள் வருகின்றன. யார் ஏவினார்கள், ஏன் கொன்றார்கள் என்று கல் சொல்லவில்லை. கொலைக்கும் இந்த உத்தரவுக்கும் இடையில் உத்தம சோழனின் ஆட்சி முழுவதும் கழிந்திருக்கிறது. நீலகண்ட சாஸ்திரி முதல் பலரும் இதில் மாறுபட்டிருக்கிறார்கள். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்ல மாட்டேன் என்று கல்கி விளக்கை அணைத்திருக்கலாம்.

ஆனால் அவர் இருட்டை அப்படியே விட்டுவைக்கவில்லையே. பிரமாதிராஜன் என்பது அரசன் கொடுக்கும் பட்டம். அந்தப் பட்டம் பெற்றவர்கள் அரசாங்கத்துக்குள் இருந்தவர்கள். நாவலில் இவர்கள் மந்திரவாதிகளாக, காட்டில் சபதம் செய்யும் பாண்டிய நாட்டு ஆபத்துதவிகளாக மாறிவிடுகிறார்கள். அரண்மனைக்குள் இருந்த கொலைகாரனை எடுத்து மாயக் கதையின் காட்டுக்குள் குடிவைத்தாயிற்று. அறைக்குள் மிச்சம் இருப்பவர்கள் எல்லாரும் உத்தமர்கள். பழுவேட்டரையர் பழியைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு தன் கையாலேயே சாகிறார். மணிமேகலை தான் கொன்றதாகச் சொல்கிறாள். கொலையைச் செய்தவர் யார் என்பதைவிட, செய்ததாக ஒப்புக்கொள்வதில் யார் பெருந்தன்மையானவர் என்ற போட்டியாக அது முடிகிறது. ஒரு ராஜகுடும்பத்தில் நடந்த கொலை யாருடைய பெயரையும் கெடுக்காமல் நடந்து முடிகிறது. மாயக் கதையில் இது செல்லாது. சரித்திரத்திலும் செல்லாது. இரண்டுக்கும் நடுவில் விளக்கு அணைந்த ஓர் அறையில்தான் செல்லுபடியாகும்.

திரைப்படத்தில் கரிகாலன் நந்தினியின் கையாலேயே சாவைத் தேடிக்கொள்கிறான். அது கதைக்குச் சரியா தப்பா என்பது வேறு. படம் எடுத்தவர்களுக்கும் அந்த இருட்டு உறுத்தியிருக்கிறது என்று தெரிகிறது.

5

திருக்கோவிலூர்க்காரர்களுக்கு இந்த நாவலில் ஒரு பாத்தியதை உண்டு. கரிகாலன், குந்தவை, அருள்மொழி மூவருக்கும் பாட்டன் நம்மூர் மலையமான். மிலாடுடையார். கிழவர் மாமல்லபுரத்தில் ஆவேசமாகப் பேசுகிறார். கெடிலக் கரையில் பேரனைப் பார்த்து கடம்பூருக்குப் போகாதே என்று தடுத்துப் பார்க்கிறார். கடைசியில் படை திரட்டிக்கொண்டு வந்து பேரனின் பிணத்தைப் பார்க்கிறார். நாவலில் எனக்கு உண்மையான துயரமாகப் பட்ட சில இடங்களில் இது ஒன்று. ஏனென்றால் இந்தக் கிழவருக்கு இதில் லாபம் எதுவும் இல்லை.

அவர் மகள் வானவன் மாதேவி, சுந்தர சோழரின் பட்டத்தரசி. நாவலில் அவள் நோயாளிக் கணவரின் பக்கத்தில் இருக்கும் நல்ல மனைவி. அவ்வளவுதான். நாலைந்து காட்சிகளில் வருகிறாள், கவலைப்படுகிறாள், போய்விடுகிறாள். “மூன்று பேருடைய அம்மா, ஆனால் கதையில் அவளுக்கு வேலையே இல்லை” என்று என் வாசகி எழுதியிருக்கிறாள். மகன் வெட்டுண்டு செத்த தாய். அந்தத் தாயின் பக்கம் கதை திரும்பவே இல்லை என்பது அவள் குற்றச்சாட்டு.

நம்மூரிலேயே ஒரு கல் இருக்கிறது. கீழையூர் வீரட்டேசுவரர் கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு. செய்யுள் நடையில் எழுதியது. இரண்டு மரணங்களை அது சொல்கிறது. ஒன்று கபிலருடையது. பாரி மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டு, பெண்ணையாற்றங்கரையில் தீயில் புகுந்தார் என்கிறது. வடக்கிருந்து உயிர்விட்டார் என்று இன்னொரு வழக்கும் உண்டு. கல் தீ என்றே சொல்கிறது. ஆற்றில் கபிலர் குன்று என்று நாம் காட்டும் பாறை அதன் ஞாபகம். இன்னொன்று மலையமான் குலத்தில் பிறந்த அந்த அரசியுடையது. சுந்தர சோழர் இறந்தபோது, பால்குடி மாறாத குழந்தையைப் பிரிந்து, கணவனோடு தீயில் போனாள்.

இந்தக் கல்வெட்டு கல்கிக்குத் தெரிந்திருந்ததா என்ற ஆராய்ச்சியை விட்டுவிடலாம். நாவலில் என்ன நிகழ்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தால் போதும். சுந்தர சோழருக்காக ஒரு பெண் உயிரைக் கொடுக்கிறாள் என்பது கல்லில் மலையமான் மகளைப் பற்றிய செய்தி. நாவலில் அதே செய்கை மந்தாகினிக்குப் போய்விட்டது. மந்தாகினி கல்கியின் சிருஷ்டி. ஈழத்துக் காட்டில் வளர்ந்தவள், பேச்சு இல்லாதவள், ராஜாவின் பழைய காதலி. அவளுக்கு நாவல் பிரம்மாண்டமான சாவைக் கொடுத்து, அந்த அத்தியாயத்தில் அவளைத் தெய்வமாகவும் ஆக்குகிறது. கதை முடியும் இடத்தில் மலையமான் மகள் உயிரோடு இருக்கிறாள், நிம்மதியாக. நிஜப் பெண்ணின் மரணம் கற்பனைப் பெண்ணுக்குக் கைமாறியிருக்கிறது.

இந்தக் கைமாற்றம் ஏன் தேவைப்பட்டது? தீயில் போன பட்டத்தரசியை எழுதினால் சங்கடமான கேள்விகள் வரும். அந்தக் கல்வெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் என் வாசகிக்குச் சொன்னபோது அவள் கேட்ட கேள்விகளையே தருகிறேன். “குழந்தையை விட்டுட்டு அவங்களா போனாங்களா? போகச் சொன்னாங்களா? குழந்தை அழுதப்ப யாரு தூக்கினது?” கல்லில் செய்யுள் எழுதியவன் புகழ்ச்சியாகத்தான் எழுதினான். அந்தப் புகழ்ச்சிக்குள் பால்குடிக் குழந்தை என்ற ஒரு விவரம் எப்படியோ நுழைந்துவிட்டது. ஆயிரம் வருஷம் கழித்து ஒரு பள்ளிக்கூடப் பெண் அதைப் பிடித்து இழுக்கிறாள், செய்யுள் முழுவதும் பிரிந்துவிடுகிறது. ஊமைராணியின் சாவில் இப்படிப் பிடித்து இழுக்க ஒரு நூல் கிடையாது. அவள் தானாக விரும்பிக் குறுக்கே பாய்கிறாள். யாரும் தள்ளவில்லை. எல்லாருக்கும் அழுகை வருகிறது. யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

6

அவளோடு ஒத்துப்போகாத இடத்தையும் சொல்லிவிடுகிறேன். நந்தினிக்கும் வீரபாண்டியனுக்கும் என்ன உறவு என்று கல்கி கடைசிவரை திட்டமாகச் சொல்லாததும் அவளுக்குக் குற்றமாகப் படுகிறது. அதையும் அணைந்த விளக்கோடு சேர்த்துவிட்டாள். காதலனா, தகப்பனா, நாலு பேர் நாலு விதமாகச் சொல்கிறார்களே, எது உண்மை என்று கேட்கிறாள்.

இந்த இருட்டு வேறு வகை. நந்தினிக்கே தன் பிறப்பைப் பற்றிக் கிடைத்த செய்திகள் எல்லாம் பிறர் காரியத்துக்காகச் சொன்னவை. தான் யார் என்பதைத் தன்னை உபயோகிக்கிறவர்களின் வாயிலிருந்தே அவள் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அவள் வஞ்சம் தேடுகிறவளா, வஞ்சிக்கப்பட்டவளா என்பது அவளுக்கும் தெரியாது. இங்கே கல்கி எந்த விளக்கையும் அணைக்கவில்லை. அந்தப் பாத்திரத்தின் மனத்துக்குள் விளக்கே இல்லை. அதனால்தான் அந்த அறையில் செத்த கரிகாலனைவிட, உயிரோடு தப்பிப் போன நந்தினி நம் மனசில் நிற்கிறாள். நல்ல நாவலாசிரியன் ஒருவன் கல்கிக்குள் இருந்தான் என்பதற்கு இவளே அத்தாட்சி. வாராவாரம் கதவு தட்டுகிறவன் அவனைப் பேசவிடவில்லை.

இந்த வித்தியாசத்தை அவளிடம் சொன்னேன். யோசித்துவிட்டு, “அப்ப நந்தினியை மட்டும் தனியா எழுதியிருக்கலாம்” என்றாள். இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை.

இந்த நாலு பக்க நோட்டிலிருந்து நமக்கு என்ன என்று கேட்கலாம். நாம் இத்தனை காலம் கல்கியைத் தரம் பற்றிய கேள்வியால் அளந்தோம். அது தீவிரம், இது கேளிக்கை என்று பிரித்துவிட்டால் வேலை முடிந்தது. இந்தப் பிரிவினையால் கேளிக்கைக் கதை விசாரணையில்லாமல் விடுதலை ஆகிவிட்டது. கேளிக்கைதானே, அதில் நியாயம் என்ன கேட்பது என்று நாமே அதற்கு வக்காலத்து வாங்கிவிட்டோம். அந்த விடுதலையில்தான் அது சரித்திரமாக வளர்ந்து, இன்று பேரரசுக் கனவாக ஊர்வலம் போகிறது. உத்தமர்கள் மட்டுமே வாழ்ந்த ஒரு பொற்காலம், அதில் கொலை செய்தவர்கள் எல்லாம் வெளியாட்கள் என்ற படம் நம் பிள்ளைகளின் மனத்தில் இருந்தால், அதை வரைந்தது அந்த ஐந்து பாகங்கள் மட்டுமில்லை. அவற்றைப் படித்துக் கேள்வி கேட்க மறுத்த நம் மௌனமும் கூடச் சேர்ந்து வரைந்தது.

மாயக் கதை என்று எடுத்துக்கொண்டு, அதன் சட்டப்படியே கேட்ட ஒருத்திக்கு இரண்டு கேள்வி போதுமாக இருந்தது. விலை யார் கொடுத்தார்கள்? விளக்கை யார் அணைத்தார்கள்? தமிழில் இப்போது எழுதப்படும் எந்தச் சரித்திர நாவலை எடுத்தாலும், எந்தப் பெரிய படத்தைப் பார்த்தாலும் இந்த இரண்டையும் கேட்டுப் பார்க்கலாம். கபிலரைப் பற்றிப் பாட்டும் கதையும் நிறைய உண்டு. அதே கல்லில், அதே செய்யுளில், அவருக்கு அடுத்து எரிந்த மலையமான் மகளைப் பற்றி, அவள் விட்டுப்போன குழந்தையை யார் தூக்கினார்கள் என்ற கேள்வியிலிருந்து தொடங்கி, ஒரு நாவல் எழுத இடம் இருக்கிறது.